எண்ணெய்ச் சிக்கனமும் என்ஜின் கசடும்

(உறுப்பினர் கல்விப் பாடம்)

கூட்டுறவுச் சங்கத்தின் உடைமை ஒவ்வொன்றும் அங்கத்தினர் ஒவ்வொருவரின் உடைமையாகும். கட்டடமும் தராசும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றின் பழுதும் கண்ணுக்குத் தெரியும். வாகனத்தின் என்ஜின் அத்தகையதன்று. அதன் உள்ளே நிகழும் கேடு, நிற்கும் நாள் வரையில் வெளியே தெரிவதில்லை. பல சங்கங்கள் இன்று சரக்கு வேன்களைச் சொந்தமாக வைத்துள்ளன. ஆதலின் என்ஜினில் எண்ணெய்க் கசடு சேர்வது ஏன், அதைத் தடுப்பது எங்ஙனம் என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். இப்பாடத்தை நாம் கற்றது நம்முடைய பிழை ஒன்றினால் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஒரு சங்கத்தில் நிகழ்ந்தது

நம் ஆய்வு எல்லைக்குட்பட்ட நெசவாளர் சங்கம் ஒன்று, பெட்ரோலில் ஓடும் சிறு வேன் ஒன்றை வாங்கியது. நூலை வீடுகளுக்குக் கொண்டு கொடுப்பதும், நெய்த சேலைகளை வாங்கி வருவதும், வங்கிக்குச் சென்று வருவதும் அதன் வேலை. தெருவுக்குத் தெரு நிற்கும்; மாதத்தில் ஓடுவது சுமார் 500 கிலோமீட்டர். ஓட்டுநர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை என்ஜின் எண்ணெயை மாற்றி வந்தார்.

அச்சங்கத்தின் கணக்கை ஆய்ந்தபோது எண்ணெய்ச் செலவு நம் கண்ணில் பட்டது. வாகனக் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று கண்டிருக்க, 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றுவானேன் என்று எண்ணினோம். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் உத்தியோகத்தின் அடிப்படை அன்றோ? "குறிப்பிட்ட தூரம் ஓடுமுன் எண்ணெய் மாற்றுவது தவிர்க்கத்தக்க செலவு" என ஆய்வுக் குறிப்பில் எழுதினோம். நிர்வாகக் குழுவினர் அதை அப்படியே கடைப்பிடித்தனர்.

அதன் பின்னர் 20 மாதம் எண்ணெய் மாற்றப்படவில்லை. தூரம் 10,000 கிலோமீட்டரை நெருங்கிய சமயத்தில், தீபாவளிச் சரக்கோடு செல்லும்போது வேன் நடுவழியில் நின்றது. என்ஜின் இறுகிவிட்டது. பட்டறையில் அடிப்பாகத்தைக் கழற்றியபோது, எண்ணெய்க்குப் பதிலாகத் தார் போன்ற கறுத்த குழம்பு படிந்திருந்தது. எண்ணெயை உறிஞ்சும் சல்லடை முழுவதும் அடைபட்டிருந்தது. எண்ணெய் மாற்றாமையால் மிச்சமான தொகை ரூ. 6,000-க்கும் குறைவு, பழுது பார்க்க ஆனதோ அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். பண்டிகைக் காலத்து வாடகை வண்டிச் செலவு வேறு.

"ஓட்டுநரின் அலட்சியமே காரணம், நஷ்டத்தை அவர் சம்பளத்தில் தவணையாகப் பிடிப்பது" என்று நிர்வாகக் குழு தீர்மானித்து, நம் கருத்தைக் கேட்டது. விசாரணைக்குச் சென்றோம். ஓட்டுநர் அதிகம் பேசவில்லை. "ஐயா, இரண்டு தடவை கேட்டேன். ஆய்வுக் குறிப்பில் வேண்டாமென்று எழுதியிருக்கிறதாகச் செயலாளர் சொன்னார்" என்றார். கோப்பைப் புரட்டினோம். நம் கையொப்பத்தோடு அக்குறிப்பு இருந்தது.

பின்னர் பட்டறைத் தலைமை மெக்கானிக்கிடம் அமர்ந்து கேட்டும், வாகனக் கையேட்டை முழுவதும் படித்தும், எண்ணெயைப் பற்றிய நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றையே கீழே தருகிறோம்.

எண்ணெயின் பணிகள்

என்ஜின் எண்ணெயின் பணி உராய்வைக் குறைப்பது மட்டுமன்று. பிஸ்டன், பேரிங் முதலியவற்றின் உஷ்ணத்தைத் தான் ஏற்று வெளியே கொண்டுவருகிறது. துருப்பிடிக்காமல் காக்கிறது. உள்ளே உண்டாகும் கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கி, பில்டருக்குக் கொண்டு சேர்க்கிறது. சிறு வாகனம் ஒன்றில் ஏறத்தாழ 3 முதல் 5 லிட்டர் எண்ணெயே இத்தனை வேலையையும் செய்கிறது.

எண்ணெய் என்ஜினின் அடித்தொட்டியில் தங்கியிருக்கும். அங்கிருந்து பம்பு அதைச் சல்லடை வழியே உறிஞ்சி, பில்டரில் வடித்து, நுண்ணிய துளைகளின் வழியே ஒவ்வோர் உறுப்புக்கும் அனுப்புகிறது. இதை ஒரு பாசன வாய்க்காலுக்கு ஒப்பிடலாம். தொட்டி ஏரி, சல்லடை மதகு, துளைகள் கிளை வாய்க்கால்கள். வாய்க்காலில் வண்டல் சேர்ந்தால் முதலில் காய்வது கடைமடை வயலன்றோ? என்ஜினிலும் தொட்டிக்கு நெடுந்தூரத்தில், உச்சியில் சுழலும் கேம் தண்டு முதலியவை எண்ணெயின்றி முதலில் தவிக்கின்றன. மதகே அடைபட்டால் எல்லா வயலும் காயும். நாம் கண்ட வேனுக்கு நேர்ந்தது அதுதான்.

கசடு உண்டாகும் வழிகள்

முதலாவது வழி, உஷ்ணமும் காற்றும். வடை சுட்ட எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது கறுத்துக் கெட்டிப்படுவதையும், வாணலியின் விளிம்பில் பிசின் போல் ஒட்டுவதையும் வீட்டில் காண்கிறோம். சுடும் எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து மாறுதலடைவதே இதற்குக் காரணம். என்ஜின் எண்ணெயும் அவ்வாறே மாறுகிறது. முதலில் அமிலங்கள் உண்டாகின்றன. பின்னர் அவை ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகின்றன. உஷ்ணம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயருந்தோறும் இம்மாறுதலின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது பொதுக் கணக்கு. ஆதலின் அதிகப் பாரம் ஏற்றுவதும், என்ஜின் கொதிக்க விடுவதும், எண்ணெய் அளவு குறைந்த நிலையில் ஓட்டுவதும் கசட்டை விரைவுபடுத்தும்.

இரண்டாவது வழி, எரிபொருளிலிருந்து வருவது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்பதை நம்மில் பலர் அறியோம். அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். ஒரு சிறு பகுதி, எரியாத பெட்ரோல், கரி, அமில வாயுக்கள் ஆகியவற்றோடு பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழே கசிந்து எண்ணெயில் கலக்கிறது. என்ஜின் நன்கு சூடேறி நெடுநேரம் ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் மீண்டும் ஆவியாகி வெளியேறும். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்பதும், ஆறியபின் மீண்டும் கிளம்புவதுமாக இருந்தால் எண்ணெய் சூடேறுவதே இல்லை. தண்ணீர் உள்ளேயே தங்கி, எண்ணெயோடு மோர் போல் கலந்து, கரியையும் பிசினையும் ஒன்றுசேர்த்துக் குழம்பாக்கும். தெருவுக்குத் தெரு நின்ற நம் வேன் குறைவாக ஓடியதால் எண்ணெய் குறைவாகக் கெடும் என்று நாம் எண்ணினோம். உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது.

மூன்றாவது வழி, எண்ணெயின் காப்புச் சத்து தீர்ந்துபோவது. எண்ணெயில் அழுக்கை நீக்கும் பொருள்களும், அதைப் படியவிடாமல் மிதக்கவைக்கும் பொருள்களும், அமிலத்தை முறிக்கும் பொருள்களும் சேர்க்கப்பட்டுள்ளன. சாயமிட்ட நூலைச் சோப்பு நீரில் அலசும் நெசவாள அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதற் கழிகளின் உதிர் சாயத்தை நீர் தாங்கிக்கொள்ளும். நீரை மாற்றாமல் மேலும் மேலும் கழிகளை இட்டால், உதிர்ந்த சாயம் நூலிலேயே திரும்பப் படியும். எண்ணெயின் தாங்கும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டியபின் அழுக்கு மிதப்பதில்லை, படிகிறது.

இம்மூன்றோடு வேறு சில குறைகளும் சேரலாம். கசியும் வாயுக்களை என்ஜினுக்கே திருப்பி எரிக்கும் காற்றோட்ட வால்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1961-ஆம் ஆண்டு மாடல் கார்களில் கலிபோர்னியாவிலும், 1963 முதல் நாடெங்கிலும் இவ்வமைப்பு வழக்கத்துக்கு வந்தது. இவ்வால்வோ அதன் குழாயோ அடைபட்டால் தண்ணீரும் அமிலமும் உள்ளேயே தேங்கும். ஹெட் கேஸ்கெட் பழுதானால் ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கலக்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். காற்று பில்டர் கிழிந்திருந்தால் தூசி புகும். இவை ஒவ்வொன்றும் கசட்டுக்குத் துணையாகும்.

ஓர் அயல்நாட்டு வழக்கு

இது சிற்றூர்ச் சங்கத்துக்கு மட்டும் நேரும் துன்பம் என்று எண்ண வேண்டுவதில்லை. உலகப் புகழ் பெற்ற டொயோட்டா கம்பெனி அமெரிக்காவில் விற்ற வாகனங்களில், 1997-க்கும் 2002-க்கும் இடைப்பட்ட மாடல்கள் சிலவற்றின் 2.2 லிட்டர், 3.0 லிட்டர் என்ஜின்களில் கசடு சேர்வதாகப் புகார்கள் எழுந்தன. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றாமையே காரணம் என்றது கம்பெனி; என்ஜின் அமைப்பில்தான் குறை என்றனர் வாகனக்காரர் பலர். 2002-இல் கம்பெனி, சுமார் 33 லட்சம் வாகனங்களுக்குப் பொருந்துமாறு, முதல் விற்பனையிலிருந்து 8 ஆண்டு வரையில் கசட்டுப் பழுதைத் தன் செலவில் நீக்கித் தர இசைந்தது. வாகனத்தை நியாயமாகப் பராமரித்தமைக்குச் சான்று காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. தொடர்ந்து நடந்த வழக்கு 2007-இல் சமரசத்தில் முடிந்தது.

இதில் நமக்கு இரு படிப்பினைகள் உள்ளன. எண்ணெய் மாற்றும் காலத்தில் தவறினால், எத்துணைச் சிறந்த என்ஜினும் தப்பாது என்பது ஒன்று. பழுது நேர்ந்தபின் பழியை யார் ஏற்பது என்னும் கேள்வி எழும்போது, ரசீதும் பதிவும் வைத்திருந்தவரே தம் பக்கத்தைக் காட்ட முடிந்தது என்பது மற்றொன்று.

அறிகுறிகள்

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெண்மையோ பழுப்போ ஆன மோர்க் குழம்பு காணப்பட்டால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். கறுத்த களிம்பு விரலில் திரண்டு வந்தால் கசடு படிந்துவருகிறது எனக் கொள்ளலாம். என்ஜின் கிளம்பும்போது உச்சியில் 'டக டக' என்ற ஓசை கேட்பதும், எண்ணெய் விரைந்து குறைவதும் பிற அறிகுறிகள்.

எண்ணெய் நிறம் கறுப்பது மட்டுமே கேடன்று. அழுக்கை அது தாங்கிக்கொண்டிருப்பதாலும் கறுக்கும். டீசல் என்ஜினில் புது எண்ணெய்கூடச் சில நாளிலேயே கறுத்துவிடும். ஆதலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாகாது. காலத்தையும் தூரத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டுநருக்கு முன்னுள்ள சிவப்பு ஆயில் விளக்கு எரியுமானால் அக்கணமே வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துவது கடமை. "அடுத்த ஊர் போய்ப் பார்ப்போம்" என்பது என்ஜினைக் கொல்லும் சொல்.

தடுக்கும் முறைகள்

1. கையேட்டில் தூரமும் மாதமும் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே கெடு. குறுந்தூர ஓட்டம், தூசி, அதிகப் பாரம், நின்றபடி என்ஜின் ஓடுவது ஆகியவற்றைக் கையேடு 'கடின உபயோகம்' என்று தனியே குறித்து, கெடுவைக் குறைத்துச் சொல்லும். பலவற்றில் அது பாதியளவாகும். சங்க வேன்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. நாம் படிக்காமல் விட்ட பக்கம் இதுவே.

2. எண்ணெய் மாற்றுந்தோறும் எண்ணெய் பில்டரையும் மாற்றுக.

3. கையேடு கூறும் தரத்தையும் கெட்டித்தன்மையையும் உடைய எண்ணெயையே வாங்குக. டப்பாவின் மேல் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளை அடுத்து, பெட்ரோல் என்ஜினுக்கு உரியதாயின் 'எஸ்' எனவும், டீசலுக்கு உரியதாயின் 'சி' எனவும் தொடங்கும் குறியீடு இருக்கும். 2020-இல் வந்த 'எஸ்.பி.' என்பது பெட்ரோல் என்ஜின் தரங்களில் ஒன்று. முத்திரை உடையாத டப்பாவை நம்பகமான கடையில் ரசீதுடன் வாங்குக. காலி டப்பாவைத் துளையிட்டு எறிக. இல்லையேல் அது போலி எண்ணெய்க்காரர் கைக்குப் போகும்.

4. வாரம் ஒருமுறை, சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜின் நின்று சில நிமிடம் கழிந்தபின் அளவுகோலை எடுத்துப் பார்க்க. குறைவதும் தவறு, மேற்கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் தவறு.

5. பல சிறு நடைகளை ஒரே நடையாகச் சேர்த்துச் செல்க. வாரத்தில் ஒருநாளேனும் அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடும்படி வேலையை அமைத்தல் நலம். சரக்கு ஏற்றி இறக்கும்போது என்ஜினை நிறுத்திவிடுக.

6. காற்றோட்ட வால்வு, காற்று பில்டர், ரேடியேட்டர் நீர், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பட்டறையில் உரிய காலத்தில் பரிசோதிக்கச் செய்க.

விவசாய அன்பர்களின் டீசல் பம்பு என்ஜினுக்கும் பவர் டில்லருக்கும் இவை பொருந்தும். அவற்றில் தூரத்திற்குப் பதிலாக ஓடிய மணிக் கணக்கைக் குறித்து வைத்தல் வேண்டும். கழித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. அது தண்ணீரையும் மண்ணையும் கெடுக்கும். மூடிய டப்பாவில் சேர்த்து, உரிமம் பெற்றுச் சேகரிப்போரிடமே கொடுக்க வேண்டும்.

கசடு சேர்ந்துவிட்டால்

சிலர் எண்ணெயோடு டீசலையோ மண்ணெண்ணெயையோ கலந்து ஊற்றி என்ஜினைக் கழுவ முயல்வர். பல்லாண்டு தூர் வாராத வாய்க்காலில் திடீரென்று வெள்ளத்தைத் திறந்துவிட்டால், பெயர்ந்த வண்டலும் சருகும் போய் மதகை அடைக்கும். அதுபோல் பெயர்ந்த கசடு சல்லடையை அடைத்து, மெல்லக் கெடவிருந்த என்ஜினை உடனே கெடுத்துவிடும். அடித்தொட்டியையும் மேல்மூடியையும் கழற்றிக் கையால் துடைத்து, சல்லடையைச் சுத்தம் செய்வதே நல்வழி. அதன்பின் புது எண்ணெயும் பில்டரும் இட்டு, மெக்கானிக் சொல்லும் குறைந்த தூரத்தில் இரண்டு மூன்று முறை மாற்றினால் எஞ்சிய கசடு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும்.

பதிவேடு

எண்ணெய் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், எண்ணெயின் தரம், அளவு, பில்டர் எண், ரசீது எண், அடுத்த கெடு ஆகிய ஏழு பத்திகள் கொண்ட ஒரு நோட்டு ஒவ்வொரு வாகனத்துக்கும் இருத்தல் வேண்டும். எட்டாவதாக ஒரு பத்தியும் வேண்டும். ஓட்டுநர் கண்ட குறையும், அதன்மேல் செயலாளர் எடுத்த நடவடிக்கையும் அதில் எழுதப்பட வேண்டும். அந்த எட்டாவது பத்தி அச்சங்கத்தில் இருந்திருக்குமாயின், ஓட்டுநர் இருமுறை கேட்டது நமக்கும் குழுவினருக்கும் முன்னரே தெரிந்திருக்கும்; ஒருவேளை வேனும் நின்றிராது.

ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்கும் தீர்மானத்திற்கு நாம் இசைவு தரவில்லை. நம் பழைய குறிப்பு பிழையென்றும், அதை நீக்குகிறோம் என்றும் எழுதி, அதன் நகலை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் படிக்கச் சொன்னோம். குழுவினர் தீர்மானத்தை ரத்து செய்தனர். செலவான பணம் திரும்பவில்லை. அது நெசவாளர்களின் பணம். இப்போது அவ்வேனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப்படுகிறது. அடுத்த கெடுவை ஓட்டுநரே நோட்டில் எழுதுகிறார்.

அளந்து போடுவது நல்லதே. ஆனால் அளக்கும் கோல் எது என்று அறிந்து அளக்க வேண்டும். நாம் தூரத்தை மட்டும் அளந்தோம், காலத்தை அளக்கவில்லை, வண்டியை அறிந்தவரின் சொல்லையும் கேட்கவில்லை. வேனோ பம்பு என்ஜினோ உடைய சங்கத்தினர், இவ்விதழைப் படித்து முடித்தவுடன் நோட்டை எடுத்து, கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியைப் பார்க்குமாறு வேண்டுகிறோம். நோட்டே இல்லையாயின், இன்றே ஒன்று தொடங்குக.

கலந்துரையாடலுக்கு உரிய வினாக்கள்

1. குறைவாக ஓடும் வாகனத்தில் எண்ணெய் விரைந்து கெடுவது ஏன்?

2. எண்ணெயின் நிறத்தை மட்டும் கொண்டு அதன் நிலையை அறியலாகாது என்பது எதனால்?

3. கசடு சேர்ந்த என்ஜினை டீசல் ஊற்றிக் கழுவுவதால் வரும் தீங்கு யாது?

4. உங்கள் சங்கத்தில் ஓட்டுநரோ பணியாளரோ கூறும் குறையைப் பதிவு செய்ய என்ன ஏற்பாடு உள்ளது? இல்லையாயின் யார், எப்போது அதைச் செய்வது?